நிழற்படமும் அதன் உடைமையும்

பொருள்கள் இருவகையாக நம் கைக்கு வருகின்றன. விலை கொடுத்தோ, கேட்டோ, பரிசாகவோ உடையவர் மனமொப்பிப் பெறுவது ஒன்று. உடையவர் அறியாமல் எடுத்துக்கொள்வது மற்றொன்று. பின்னதற்குக் களவென்று பெயர். இவ்வேறுபாடு சிறு குழந்தைக்கும் விளங்கும். பக்கத்து வீட்டு மாமரம் வேலியைக் கடந்து தெருவிற் கிளை நீட்டிக் கனி தாங்கி நிற்பினும், அக்கனி வழிச்செல்வோர்க்கெல்லாம் உரியதென்று நாம் கருதுவதில்லை. ஆயினும், இணையத்திற் காணப்படும் நிழற்படங்களைப் பொறுத்தமட்டில், கற்றாரிடத்தும் இத்தெளிவு மங்கிவிடக் காண்கிறோம்.

கட்டுரைக்கு ஒரு படம் வேண்டுமாயின், தேடுபொறியில் இரண்டொரு சொற்களை இட்டு, வந்து நிற்கும் நூற்றுக்கணக்கான படங்களுள் ஒன்றை எடுத்துப் பதித்துக்கொள்வது இன்று பலர்க்கும் வழக்கமாயிற்று. விழா அழைப்பிதழ், கழகங்களின் சுவரொட்டி, சொற்பொழிவுக்குத் துணையாகத் திரையிற் காட்டும் படங்கள், நிறுவனங்களின் இணையப் பக்கங்கள் ஆகிய யாவற்றிற்கும் இதுவே வழி. படத்தை எடுத்தவர் யாரென்று கேட்பாரில்லை. கேட்பினும், "இணையத்திலிருந்து கிடைத்தது" என்பதே விடை. இணையம் என்பது ஓர் இடத்தின் பெயரேயன்றி ஓர் ஆளின் பெயரன்று. ஒரு நூலை எழுதியவர் யாரென்று வினவுவார்க்கு, "நூல்நிலையத்திலிருந்து எடுத்தேன்" என்பது எங்ஙனம் விடையாகாதோ, அங்ஙனமே இதுவும் விடையாகாது.

யாவரும் காணுமாறு வைக்கப்பட்டது யாவர்க்கும் உரியதாகிவிடுமா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினா. இதனை வெறும் அறவுரையாக அன்றி, நீதிமன்றங்கள் வரை சென்று தீர்ந்த மூன்று வழக்குகளைக் கொண்டும், நம் நாட்டுச் சட்டத்தைக் கொண்டும் விளக்க முயல்வோம்.

1. நிழற்படம் ஒரு படைப்பாகுமா?

ஓவியன் எழுதிய ஓவியம் அவன் படைப்பென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. நிழற்படமோ ஒரு பொறி எடுப்பது. கதிரவன் ஒளி தருகிறான், கண்ணாடி வில்லை உருவத்தைக் குவிக்கிறது, மனிதன் ஒரு விசையை அழுத்துவதன்றிச் செய்ததென்ன என்று கேட்பார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். படத்தைத் தயங்காது எடுத்துக்கொள்வோர் உள்ளத்தின் அடியில் இக்கருத்தே மறைந்து கிடக்கின்றது.

1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தாகேர் என்பாருடைய நிழற்பட முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. அதன்பின் இருபத்துமூன்று ஆண்டுகளுக்குள்ளேயே இவ்வினா சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் எட்டிவிட்டது. 1862-இல் ஆங்கில நாட்டில் நிறைவேறிய நுண்கலை உரிமைச் சட்டம், ஓவியங்களோடும் வரைபடங்களோடும் நிழற்படங்களையும் சேர்த்துக் காத்தது. அதே ஆண்டிற் பிரான்சு நாட்டின் உயர் நீதிமன்றம், மேயர், பியர்சன் என்னும் நிழற்படக்காரர் இருவர் தொடுத்த வழக்கில், நிழற்படமும் கலைப்படைப்பாகக் காக்கப்படலாம் என்ற தீர்ப்பை நிலைநிறுத்தியது. ஆங்கர் முதலிய புகழ்பெற்ற ஓவியர் சிலர் ஒன்றுகூடி, நிழற்படத்தைக் கலையென்று கொள்ளுதல் தகாதென்று கண்டன விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். எனினும் அவர் எதிர்ப்பு நிற்கவில்லை.

இவ்வாராய்ச்சியில் மிகத் தெளிவான விடையைத் தந்தது அமெரிக்க நாட்டு வழக்கொன்று. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1882-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நியூயார்க்கு நகரையடைந்தார். அந்நகரிற் பேர்பெற்ற நிழற்படக் கலைஞரான நெப்போலியன் சரோனி அவரைத் தம் கூடத்தில் அமர்த்திப் பல படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றை பரோ-கைல்சு என்னும் கல்லச்சு நிறுவனத்தார் இசைவின்றிப் படியெடுத்தனர். அவர்கள் அச்சிட்ட படிகள் 85,000. சரோனி வழக்காடினார். நிழற்படம் இயற்கையின் இயந்திரப் பிரதியே. அதற்கு ஆசிரியன் என ஒருவன் இல்லை. ஆதலின் உரிமையும் இல்லை என்பது எதிர்வாதம்.

1884-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் இவ்வாதத்தைத் தள்ளியது. வைல்டை இவ்வண்ணம் அமரச் செய்தவர் யார்? அவர் உடையையும், பின்னே தொங்கும் திரையையும், அருகில் வைத்த பொருள்களையும் தேர்ந்தவர் யார்? ஒளியும் நிழலும் எவ்விடத்து எவ்வளவு விழவேண்டுமென்று வகுத்தவர் யார்? முகத்தில் இக்குறிப்புத் தோன்றும்படி செய்தவர் யார்? இவையனைத்தும் சரோனியின் உள்ளத்திலே எழுந்த கருத்தின் விளைவாதலின், அவரே அப்படத்தின் ஆசிரியர் என்று நீதிபதி மில்லர் தீர்ப்பெழுதினார். பொறி கருவி, கருத்தே கர்த்தா. எழுதுகோல் எழுதிற்று என்று சொல்லி எழுத்தாளனை மறுப்பாரில்லை. அஃது இதற்கும் ஒக்கும்.

கூடத்தில் அமர்த்தி எடுத்த படத்திற்கு இது பொருந்தும்; ஓடும் நிகழ்ச்சியை எடுத்த படத்திற்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். அங்கே பொருள்களை ஒழுங்குசெய்யக் காலமில்லை. ஆயினும், எங்கே நிற்பது, எக்கணத்தில் எடுப்பது, எதனைச் சட்டத்துள் அடக்கி எதனை விலக்குவது என்னும் தேர்வு உண்டு. அத்தேர்வுக்குப் பின்னே பல்லாண்டுப் பயிற்சியும், சில வேளைகளில் உயிருக்கே வரும் இடரும் உள. அடுத்துக் கூறும் நிகழ்ச்சி இதனை விளக்கும்.

2. ஹெயிட்டி நாட்டு நிலநடுக்கப் படங்கள்

2010-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள் மாலை, ஹெயிட்டி நாட்டின் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்ஸ் பெரும் நிலநடுக்கத்தால் இடிந்து விழுந்தது. அந்நாட்டிற் பிறந்த நிழற்படக் கலைஞரான டேனியல் மொரேல் அப்போது அந்நகரில் இருந்தார். இடிபாடுகளினிடையே நடந்து, பொழுது சாய்வதற்கு முன் கண்ட காட்சிகளைப் படமாக்கினார். பின்பு அன்றிரவே, டுவிட்டரோடு தொடர்புடைய டுவிட்பிக் என்னும் தளத்தில் அவற்றை ஏற்றி, டுவிட்டரில் அறிவித்தார்.

சிறிது நேரத்திற்குள், அண்டை நாட்டினர் ஒருவர் அப்படங்களை எடுத்துத் தம் பக்கத்தில் இட்டுத் தம்முடையனபோற் காட்டினார். உலகப் புகழ்பெற்ற ஏ.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுச் செய்தி நிறுவனத்தின் படப்பிரிவினர் அவற்றுள் 8 படங்களைப் பெற்று, அந்த வேறொருவர் பெயரை இட்டு உலகெங்கும் அனுப்பினர். கெட்டி இமேஜஸ் என்னும் பட விற்பனை நிறுவனம் அவற்றைத் தன் வாடிக்கையாளர்க்கு விற்றது. மறுநாள் உலகின் பல பத்திரிகைகளில் மொரேல் எடுத்த படங்கள் வெளிவந்தன. மொரேலின் பெயர் பலவற்றில் வரவில்லை. பிழை தெரிந்தபின் ஏ.எஃப்.பி. பெயரைத் திருத்தியது, பின்னர்ப் படங்களை விலக்கிவிடுமாறும் அறிவித்தது. ஆயினும், பிறர் பெயரோடு சென்ற படிகள் கெட்டியின் தொகுப்பில் மேலும் சிலகாலம் விற்பனைக்கு நின்றன. வாயிலிருந்து சென்ற சொல்லையும் இணையத்திற் சென்ற படத்தையும் மீட்டல் அரிது.

இதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. மொரேல் தம் உரிமையை வற்புறுத்தியபோது, முதலில் வழக்குத் தொடுத்தது அந்நிறுவனமே. தாம் உரிமையை மீறவில்லையென நீதிமன்றம் அறிவிக்கவேண்டும் என்று 2010 மார்ச்சில் நியூயார்க்கில் அது வழக்கிட்டது. தளத்தின் விதிகளை ஏற்றுப் படத்தைப் பொதுவில் இட்டவர், அதனை எவரும் எடுத்துப் பயன்படுத்த இசைந்தவரே என்பது அதன் வாதம். வேலிக்கு வெளியே கிளை நீட்டிய மாமரத்தின் வாதம் இதுவே.

2013 சனவரியில் நீதிபதி அலிசன் நேதன் இவ்வாதத்தை ஏற்க மறுத்தார். தளத்தின் விதிகள் தளத்திற்கும் அதனோடு தொடர்புடையார்க்கும் சில இசைவுகளைத் தரலாம். அதனால் உலகில் உள்ள எவரும் படத்தை எடுத்து விற்கலாம் என்று பொருளாகாது என்பது அவர் முடிபு. அவ்வாண்டு நவம்பரில், நிறுவனங்கள் இரண்டும் அறிந்தே உரிமை மீறினவென்று நடுவர் குழுவினர் கண்டு, படம் ஒன்றுக்கு 1,50,000 டாலராக 8 படங்களுக்கும் 12,00,000 டாலர் ஈடு விதித்தனர். அஃது அந்நாட்டுச் சட்டம் இடந்தரும் உச்ச அளவு.

இவ்வழக்கிற் பொருளினும் பெரியது ஒன்றுண்டு. தம் நாடு இடிந்து விழுந்த மாலையில், தம் மக்கள் புழுதிக்குள்ளிருந்து வெளிவரும் கோலத்தை உலகிற்குக் காட்டியவர் மொரேல். அப்படங்களைக் கண்டார், அவற்றை எடுத்தவர் வேறொருவர் என்றே எண்ணினர். நிழற்படக் கலைஞர்க்குப் பெயரே முதல். இன்று பெயர் தெரிந்தாலன்றி நாளை பணி வாராது. பெயரை எடுத்தவர் ஒரு நாள் ஊதியத்தை மட்டும் எடுத்தாரல்லர். வருங்காலத்தின் ஒரு பகுதியையும் எடுத்தவராவர்.

3. ஒரு பள்ளி மாணவரின் கட்டுரை

பெருநிறுவனங்களைப் பற்றிய செய்தி இது. எளிய மாணவர்க்கும் இதற்கும் தொடர்பென்ன என்று கேட்கலாம். அதற்கு விடையாக அமைவது செருமானிய நாட்டு வழக்கு.

வால்ட்ரோப் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் ஸ்பானிய மொழி பயின்ற மாணவர் ஒருவர், அம்மொழி வகுப்பிற்காகக் கட்டுரை ஒன்று வரைந்தார். ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபா நகரத்தின் படமொன்றைப் பயணச் செய்திகள் வெளியிடும் இணையத்தளத்திலிருந்து எடுத்துக் கட்டுரையிற் சேர்த்தார். படத்தின் கீழே அத்தளத்தின் பெயரையும் குறித்தார். பள்ளியின் இணையப் பக்கத்தில் அக்கட்டுரை ஏற்றப்பட்டது. படத்தை எடுத்த டிர்க் ரெங்கோஃப் என்பார், தாம் அப்பயணத் தளத்திற்கு மட்டுமே இசைவு தந்ததாகக் கூறி, படத்தை நீக்கவும் 400 யூரோ ஈடு தரவும் வேண்டுமென வழக்கிட்டார். மாணவர்மீதன்று வழக்கு, பள்ளிக்குப் பொறுப்பான மாநில அரசின்மீதே.

மாணவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. படம் பூட்டி வைக்கப்படவில்லை, எடுக்கலாகாது என்ற எச்சரிக்கையும் இல்லை, நோக்கம் கல்வி, இலாபம் ஒரு காசும் இல்லை, எடுத்த இடமும் மறைக்கப்படவில்லை. ஐரோப்பிய நீதிமன்றத்தில் கருத்துரைத்த வழக்குரைஞர் தலைவரும் இக்காரணங்களால் உரிமை மீறல் இல்லையென்றே 2018 ஏப்ரலில் உரைத்தார். எனினும் அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் நீதிமன்றம் வேறாகத் தீர்த்தது: ஒரு தளத்தில் இசைவோடு வெளியான படத்தைப் படியெடுத்து மற்றொரு தளத்தில் ஏற்றுவதற்கு, எடுத்தவரின் புதிய இசைவு வேண்டும்.

இதற்கு நீதிமன்றம் காட்டிய காரணம் சிந்திக்கத்தக்கது. படம் இருக்கும் பக்கத்திற்கு இணைப்புச் சுட்டி தருவது ஒன்று. படத்தையே படியெடுத்துத் தன் பக்கத்தில் வைப்பது மற்றொன்று. சுட்டி மட்டும் தந்தால், எடுத்தவர் தம் படத்தை மூலத் தளத்திலிருந்து நீக்கும்போது அச்சுட்டியும் பயனற்றுப்போம். படத்தின் ஆட்சி அவர் கையிலேயே நிற்கும். படியெடுத்து வைத்தாலோ, மூலத்தில் நீக்கினும் படி நிலைத்திருக்கும். தம் படைப்பைத் திரும்பப் பெறும் வல்லமை அவரிடமிருந்து நழுவிவிடும். ஆகவே மாணவர் பணத்தை எடுக்கவில்லை; பெயரையும் வேண்டுமென்று மறைக்கவில்லை; ஆயினும் ஆட்சியை எடுத்தவராயினார். இடத்தின் பெயரைக் குறிப்பது நன்றியறிதல். அஃது இசைவு ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலே கற்றாரிடத்துக் காணப்படும் பெரும் மயக்கம்.

4. நம் நாட்டுச் சட்டம்

மேற்கூறியவை பிற நாட்டுத் தீர்ப்புகள். அவை நம்மைக் கட்டா. ஆயின் நம் நாட்டுச் சட்டமும் அடிப்படையில் இவற்றோடு ஒத்தே செல்கின்றது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்புகளுள் ஒன்றாக வெளிப்படையாகக் கூறுகின்றது. படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்றும் வரையறுக்கின்றது. இவ்வுரிமை பிறப்பதற்குப் பதிவு வேண்டுவதில்லை. படத்தின்மேல் உரிமைக் குறி பொறித்திருக்கவேண்டும் என்பதுமில்லை. ஆகவே, "குறி ஒன்றும் காணேன், எடுத்தேன்" என்பது தக்க விடையாகாது.

உரிமை யாருடையது என்பதிற் சில விலக்குகள் உள. கூலி கொடுத்து ஒருவர் தமக்காக எடுப்பித்த படம், மாறான உடன்படிக்கை இல்லாவிடின், எடுப்பித்தவர்க்கு உரியது. மணவிழாவிற்குப் பணம் கொடுத்து எடுப்பித்த படங்கள் இவ்வகையின. சம்பளத்திற்குப் பணிசெய்வோர் தம் பணியின்கண் எடுத்த படங்களில், அப்பணியை வைத்தவர்க்குச் சட்டம் உரிமை தருகின்றது. ஆயினும் இவ்விரு வகையிலும் எடுத்தவர்க்கு நீங்காத உரிமை ஒன்றுண்டு. தாமே அதன் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவும், தம் மதிப்புக் கெடுமாறு அதனைச் சிதைப்பாரைத் தடுக்கவும் 57-ஆம் பிரிவு இடந்தருகின்றது. பொருளுரிமையை விற்றபின்னும் இப்பெயருரிமை ஒழியாது.

முன்னர் நிழற்படங்களுக்கு வெளியிட்ட காலத்திலிருந்து 60 ஆண்டு என்றிருந்த எல்லையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அதனால் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் உள்ளவாறே, வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் என்னும் காலம் நிழற்படக் கலைஞர்க்கும் கிடைத்தது. பொறி எடுத்த படமென்னும் தாழ்வு இதனால் நீங்கிற்று எனலாம். அத்திருத்தமே, படத்தோடு மின்முறையிற் பிணைத்து வைத்த உரிமைக் குறிப்புகளை அறிந்தே அழிப்பதையும் குற்றமாக்கியது. உரிமையை அறிந்தே மீறுவார்க்கு 6 திங்கள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் 63-ஆம் பிரிவு விதிக்கின்றது; வாணிக இலாபம் கருதாவிடத்துத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. பிறநாட்டார் படங்களும் இப்பாதுகாப்பிற்குப் புறம்பல்ல. 1886-இல் எழுந்த பெர்ன் உடன்படிக்கையில் 1928 முதல் இந்தியாவும் ஓர் உறுப்பு.

சட்டம் கடுமை மட்டும் உடையதன்று. ஒருவர் தம் சொந்தப் பயனுக்கும் ஆராய்ச்சிக்கும், திறனாய்வுக்கும், நிகழ்காலச் செய்தியை அறிவிப்பதற்கும் நேர்மையான அளவிற் படைப்பைக் கையாளலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடக்கும் முறையிற் படியெடுத்துக்கொள்வதற்கும் அதில் இடமுண்டு. ஆகவே வகுப்பறைக்குள்ளே ஒரு படத்தைக் காட்டிப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால், பாடம் முடிந்தபின் அதே படத்தை உலகனைத்தும் காணும் பக்கத்தில் ஏற்றுவதற்கும், விற்கும் மலரின் அட்டையிற் பதிப்பதற்கும் அவ்விலக்கை நீட்டிக்கொள்வது எளிதில் ஒப்பத்தக்கதன்று. வகுப்பறைக்குச் சுவருண்டு, இணையத்திற்குச் சுவரில்லை.

5. பெயரைக் காத்த மரபு

சட்டம் பிற நாட்டினின்று வந்ததாயினும், ஆக்கியோன் பெயரைப் போற்றும் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. நூலொன்றின் சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய எட்டுப் பொருள்களை நன்னூலார் எண்ணுமிடத்து, முதலில் வைத்தது ஆக்கியோன் பெயரையே. நூலின் பெயரும் நுதலிய பொருளும் பயனும் அதன் பின்னரே வருகின்றன. சொல் யாருடையது என்பதை அறிந்தபின்னரே சொல்லை அறியப் புகுதல் வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

இதனினும் நெஞ்சை உருக்குவது தொகை நூல்களில் உள்ள ஒரு வழக்கம். சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் கையில் வந்த சில பாடல்களுக்குப் பாடினோர் பெயர் மறைந்துபோயிருந்தது. அவற்றைப் பெயரற்றனவாக விட்டுவிட அவர்க்கு மனம் வரவில்லை. குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பாடிய புலவர்க்கு, அவர் கண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று வழங்கினர். தம் பெயரை இழந்த புலவர், தம் சொல்லாலேயே பெயர் பெற்று இன்றளவும் வாழ்கின்றார்.

இன்றைய நிலையோ இதற்கு நேர்மாறு. நிழற்படப் பொறி படத்தை எடுக்கும்போதே, எடுத்த நாள், நேரம், வில்லையின் அளவு முதலியவற்றைப் படக் கோப்பின் உள்ளேயே குறித்து வைக்கின்றது. எடுத்தவர் தம் பெயரையும் உரிமையையும் அங்கே பொறித்துக்கொள்ள வழியுண்டு; பத்திரிகை உலகத்தார் இதற்கெனப் பொதுமுறையும் வகுத்துள்ளனர். ஆயினும், சமூக வலைத்தளங்கள் பலவற்றில் படம் ஏறும்போது அளவு சுருக்கப்பட்டு, இக்குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. திரையிற் கண்டதை அப்படியே பிடித்து அனுப்பினாலும், ஓரத்திற் பொறித்த பெயரை வெட்டி நீக்கினாலும் விளைவு அதுவே. ஐந்தாறு கை மாறியபின் படத்திற்குப் பெற்றோர் இல்லை. பெயர் இழந்த பாடலுக்குப் பெயர் தேடித் தந்தவர் முன்னோர். பெயருள்ள படத்தைப் பெயரற்றதாக்குவது நம் காலத்தின் செயல்.

6. சில தடைகளும் விடைகளும்

"யாம் இலாபம் கருதவில்லையே" என்பது ஒரு தடை. எடுப்பவர்க்கு இலாபமில்லை என்பதனால் இழப்பவர்க்கு நட்டமில்லை என்பது பெறப்படாது. ஒரு படத்திற்குச் சிறுதொகை கொடுத்திருக்கக் கூடிய நூறு பேர் கொடாது எடுத்துக்கொள்வாராயின், நூறு பேரும் இலாபமின்றியே எடுத்தாலும், கலைஞர் கூலி இழந்தவரே. பொறிக்கும் பயணத்திற்கும் அவர் முன்னரே செலவிட்டாயிற்று.

"படம் பரவினால் அவர்க்குப் புகழன்றோ" என்பது மற்றொரு தடை. பெயரின்றிப் பரவும் படத்தால் யார்க்குப் புகழ்? பெயரோடு பரவினும், அப்புகழ் தமக்கு வேண்டுமா என்று தேர்பவர் அவராகவே இருத்தல் வேண்டும். துயருற்றாரின் முகத்தை எடுத்த கலைஞர், அப்படம் ஒரு வணிக விளம்பரத்திலோ, ஒரு கட்சியின் பழிச்சொல்லோடோ வருவதை விரும்பமாட்டார். படத்திலுள்ளார்க்குத் தாம் அளித்த நம்பிக்கையைக் காப்பதும் அவர் கடன்.

"அறிவும் கலையும் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும்" என்பது உயர்ந்த தடை. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பொதுவாக்குதல் கொடை. கொடை கொடுப்பவர் கையிலிருந்து வருதல் வேண்டும். அங்ஙனம் கொடுத்தோரும் உளர். அமெரிக்க நாட்டுக் கேரல் ஹைசிமித்து என்னும் அம்மையார், தாம் நாடெங்கும் சுற்றி எடுத்த படங்களைப் பொதுமக்கள் பயனுக்காக அந்நாட்டுக் காங்கிரசு நூலகத்திற்கு நல்கினார். அவர் நல்கிய படமொன்றை அவர்தம் நிறுவனமே தன் பக்கத்தில் இட்டிருக்க, உரிமைக் கட்டணம் 120 டாலர் செலுத்துமாறு ஒரு வணிக நிறுவனத்தின் சார்பில் 2015-இல் அவர்க்கே கடிதம் வந்தது! 2016-இல் அவர் வழக்குத் தொடுத்தும், பொதுவிற்குக் கொடுத்துவிட்ட படத்தின்மேல் உரிமைச் சட்டம் பெரிதும் துணைசெய்யவில்லை. இதனால் அறியத்தக்கது, உரிமை பேசுவோரெல்லாம் உரிமையுடையோர் அல்லர் என்பதும், கொடையாளரின் பெயரைப் போற்றுவது சட்டம் நின்றுவிட்ட இடத்தும் நம் கடமையே என்பதும் ஆம்.

7. நாம் செய்யத்தக்கது

கேட்பதே முதல் நெறி. படத்தை எடுத்தவரின் முகவரி பெரும்பாலும் அவர் பக்கத்திலேயே கிடைக்கும். எதற்காக, எவ்விடத்தில், எத்துணைக் காலம் பயன்படுத்துவோம் என்று தெளிவாக எழுதிக் கேட்டால், கல்விப் பணிக்கு மறுப்பவர் சிலரே. மறுப்பாராயின் அதுவும் அவர் உரிமை. விடை வாராமையை இசைவெனக் கொள்ளலாகாது.

எடுத்தவர் யாரென்று தெரியாவிடின், படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதி இணையத்தில் உண்டு. 2008-இல் டின்ஐ என்னும் தேடுபொறியும், 2011-இல் கூகிளும் இதனை வழங்கத் தொடங்கின. முதன்முதல் வெளியான இடத்தை இவற்றாற் பலமுறையும் காணலாம். காண இயலாத படத்தை விட்டுவிடுவதே நன்று. படம் வேறு கிடைக்கும்.

கொடையாகவே கிடைக்கும் படங்களும் பல. 2001-இல் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002 முதல் வகுத்த பொது இசைவு முறையின்படி, இலட்சக்கணக்கான படங்களை எடுத்தவர்களே பொதுவிற்கு அளித்துள்ளனர். ஆயின் அவற்றிற்கும் நிபந்தனையுண்டு. எடுத்தவர் பெயரைக் குறித்தல், வாணிகத்திற்குப் பயன்படுத்தாமை, மாற்றஞ் செய்யாமை, மாற்றியதையும் அதே நிபந்தனையிற் பகிர்தல் என அவை நான்கு வகைப்படும். எந்தப் படத்திற்கு எது விதித்திருக்கிறதென்று படித்தறிந்து நடத்தல் வேண்டும்.

தம் படம் களவு போனதைக் காணும் மாணவக் கலைஞர்க்கும் வழியுண்டு. படம் வைத்திருப்பவர்க்கு முதலில் எழுதுக. பயனில்லையாயின், அத்தளத்தை நடத்துவோர்க்கு எழுத்து மூலம் முறையீடு செய்க. நம் நாட்டு விதிகளின்படி, முறைப்படி அனுப்பிய முறையீட்டைப் பெற்ற தளத்தார் 36 மணி நேரத்துள் அப்படத்தை எட்டாதவாறு தடுத்தல் வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை கொணராவிடின் அத்தடை நீங்கலாம். இதற்கெல்லாம் சான்றாவது மூலக் கோப்பு. அதனை அழியாது காத்துவைத்தல் இன்றியமையாதது.

இவற்றினும் எளிய வழியொன்று நம் கையிலேயே உண்டு. கல்லூரி வளாகத்தின் மரங்களையும், கோபுரமணியையும், விளையாட்டு விழாவையும் பற்றிய கட்டுரைக்கு எங்கோ எடுத்த படமேன்? கைபேசியிலேயே நல்ல படம் எடுக்கவல்ல மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உளர். அவரை எடுக்கச் சொல்லி, அவர் பெயரைப் படத்தின் கீழ் அச்சிடுக. தம் பெயரைத் தம் படத்தின் கீழ் ஒருமுறை கண்ட மாணவர், பிறர் படத்தினின்று பெயரை வெட்ட என்றும் ஒருப்படார்.

களவைக் கடியும் கட்டளையை நாம் வேதத்திற் படிக்கிறோம். கள்ளாமை என்னும் அதிகாரத்தைக் குறளிற் கற்கிறோம். அவை எழுந்த காலத்தில் களவாடப்பட்டவை ஆடும் மாடும் பொன்னும் நெல்லும். இன்று ஒருவர் கண்ட காட்சியையும் அவர் பெயரையும் அவர் கையிலிருந்தே எடுக்க முடிகின்றது. எடுத்தபின்னும் பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதால், எடுத்தவர்க்கு எடுத்த உணர்ச்சியே தோன்றுவதில்லை. பொருள் குறையாமல் நிகழும் களவு இது. ஆதலின் அதனைக் காணக் கண்ணினும் கருத்தே வேண்டும். கற்றவர்க்கு அக்கருத்து இல்லாவிடின் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?